மாதாவின் சால்வைக்குள் நாற்பது புழுக்கள்

நல்ல எண்ணத்தோடு செய்த முட்டாள்தனத்தைப் சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில், பத்துக் கட்டளைகளில் எதன் கீழ் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு, கோரிமேட்டுப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தற்காலிக அட்டெண்டர் வேலை கிடைத்த புதிது. தேன்கூட்டைத் தின்னும் மெழுகுப்பூச்சியை அங்கே வளர்த்தார்கள். எலிக்குப் பதிலாக அதன் புழுவுக்குக் கிருமி ஊசி போட்டு, எந்த மருந்து கேட்கிறது என்று பார்ப்பார்களாம். தேனும் தவிடும் பிசைந்து புழுவுக்கு வைப்பது என் பொறுப்பு. (பெற்ற பிள்ளைக்கு இப்படி ஒரு நாள் பிசைந்ததுண்டா என்பாள் என் மனைவி ஸ்டெல்லா.)

ஒரு வெள்ளிக்கிழமை, ஆராய்ச்சியை நடத்தும் மேடம் சென்னைக்குக் கிளம்பும்போது கண்ணாடி ஜாடியில் நாற்பது புழுக்களைக் காட்டினார்.

"சேவியர், திங்கக்கெழம இதுங்களுக்குத்தான் ஊசி. ஒன்னும் ஆயிடக் கூடாது."

மறுநாள் காலையில் போனால், அந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் இல்லை. புழுவை வைத்திருந்த சூட்டுப் பெட்டி அணைந்து கிடந்தது. புழு விறைத்தால் என் வேலையும் விறைத்துவிடும். மேடத்துக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். (பெரியவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதாம்!) கண்ணாடி ஜாடி வண்டியில் உடைந்துவிடுமே என்று, புழுக்களை என் பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவுக்கு மாற்றி, மூடியில் ஓட்டை போட்டு, ரெட்டியார்பாளையம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அது ஜெபமாலை மாதம். எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்களின் அன்பியத்தில், மாதா சுரூபம் தினம் ஒரு வீட்டுக்கு வரும். சாயங்காலம் எல்லாரும் அங்கே கூடி ஜெபிப்போம். அன்றைக்கு எங்கள் முறை. மேசை நிறையப் பூ, சீரியல் பல்பு, மாதாவின் தோளிலிருந்து தரை வரை நீலச் சால்வை. பல்புச் சூடு இதமாக இருந்தது. இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா? டப்பாவைச் சால்வைக்குள் வைத்து, "தாயே, திங்கக்கெழம வரைக்கும் பாத்துக்கம்மா" என்றேன்.

அந்தப் புழு பிளாஸ்டிக்கைக் கடித்துத் துளைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. (சொன்னார்கள். நான்தான் தலையை மட்டும் ஆட்டினேன்.)

ஜெபமாலையின் மூன்றாவது பத்து மணிகளை உருட்டும்போது, அன்பியத் தலைவி பிலோமினா அக்கா அலறினார்.

"ஐயோ, மாதா சால்வ அசையுது!"

மெழுகுவத்திக்காக ஃபேனை நிறுத்தியிருந்தோம். காற்றே இல்லை. ஆனால் சால்வை அங்கங்கே மெல்லத் துடித்தது. எல்லாரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். "எம்புள்ளைக்குப் பிரான்ஸ் விசா குடும்மா!" என்று ஓர் அம்மாள் அழுதார். "சாமியாருக்குப் போன் போடுங்க!" என்றார் இன்னொருவர்.

ஸ்டெல்லா என் காதில், "என்னங்க, எல்லாரும் அழுவறாங்க, உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி வேர்க்குது?" என்றாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் மாதா பேரில் ஒரு பொய் ஊரெல்லாம் பரவும். திறந்தால் என் மானம் போகும். எழுந்தேன்.

"மன்னிக்கணும். அது... புழு."

"எந்தப் புழு?"

"ஆராய்ச்சிப் புழு. பயப்படாதீங்க, கிருமி ஊசி இன்னும் போடல."

ஆறுதலுக்குத்தான் சொன்னேன். அடுத்த நொடி வீட்டில் பாதிப் பேர் இல்லை. பிலோமினா அக்கா மட்டும் துடைப்பத்தோடு வந்தார். நான் குறுக்கே விழுந்தேன்.

"அடிக்காதீங்கக்கா! மேடத்துப் புழு!"

"ஒரு கரப்பான அடிக்கச் சொன்னா எழுந்திருக்க மாட்டாரு, புழுவுக்குன்னா உசுரக் குடுக்கறாரு" என்றாள் ஸ்டெல்லா. ஆனாலும் முந்தானையைச் செருகிக்கொண்டு அவளும் என்னோடு மண்டியிட்டுப் பொறுக்கினாள். முப்பத்தேழு கிடைத்தன.

திங்கட்கிழமை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாம்பிராணி போட்டீங்களா?"

"நல்லாவே போட்டோம் மேடம்."

தலையில் கைவைத்துக்கொண்டார். "பொகை பட்ட புழுவ வெச்சு இனிமே ஒன்னும் பண்ண முடியாது. முட்டையிலருந்து ஆரம்பிக்கணும். அது சரி, நம்ம ஊரு வெயிலுக்கு ஜாடிய மேசமேல வெச்சிருந்தாலே போதுமே சேவியர்!"

வேலை போகவில்லை. சூட்டுப் பெட்டியில் மட்டும் மேடம் ஒரு தாள் ஒட்டினார்: 'வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. ஜெபத்துக்கும்.'

கிடைக்காத மூன்றும் மாதாவோடு அடுத்த வீடுகளுக்குப் போயிருக்கவேண்டும். இரண்டு வாரம் கழித்து, பூசையில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது சாம்பல் நிற மெழுகுப்பூச்சி ஒன்று மைக்கைச் சுற்றியது. கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் திரைச்சீலை காற்றில் அசைந்தால், ஸ்டெல்லா அடுப்படியிலிருந்தே கேட்பாள்: "என்னங்க, இந்த வாட்டி எத்தன?"