எல்லைக்கல் தாண்டிய வைஃபை

லிவ்ராமென்டோ,
புதன்கிழமை காலை.

என் அருமை மகள் ரோசினாவுக்கு, ஓய்வுபெற்ற சுங்க அதிகாரியும் உன் தந்தையுமான வில்மார் டெச்செரா எழுதிக்கொண்டது. மாண்டிவிடியோவில் குளிர் வாட்டுவதாக வானொலியில் சொன்னார்கள். கம்பளிக் காலுறை இல்லாமல் படுக்காதே. இங்கே நானும் உன் அம்மா நெயூசாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், ஒன்றாக இருக்கிறோம். ‘ஒன்றாக’ என்பதற்குக் கீழே கோடு போட்டிருப்பதைக் கவனி. நாங்கள் பிரிந்துவிட்டதாக உன் காதுக்கு வந்திருக்கும் செய்தி பொய். நான் கொல்லைக் கொட்டகையில் குடியிருப்பது மட்டும் உண்மை. அதற்குக் காரணம் உன் அம்மா இல்லை, இணையம்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். என் குரல் கேட்டதும் “அப்பா, வேலையில இருக்கேன்பா” என்று வைத்துவிடுகிறவள் நீ. அதனால்தான் காகிதத்தில் எழுதி, ராத்திரி பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டு இணையம் நம்பகமாக இருந்தால் இங்கேயே வந்து வேலை பார்க்கிறேன், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை அங்கே ஃபிளாட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு சிந்தனை கிடையாது. உன் வேலை அப்படி. பிரேசில் நோயாளிக்கும் உருகுவே டாக்டருக்கும் நடுவில் வீடியோவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறாய். வலி எந்தப் பக்கம் என்று நீ சொல்லும்போது படம் நின்றுவிட்டால், அந்தப் பாவி மனுஷனுக்கு நல்லா இருக்கிற பக்கத்தை அறுத்துவிடுவார்கள்.

ஆகவே இரண்டு நாட்டு இணையத்தையும் முறைப்படி ஒப்பிட்டேன். நம் வாசல் இருக்கும் பிரேசில் பக்கத்தில் கம்பெனிக்குப் பஞ்சமில்லை. நம் தெருக் கம்பத்தில் ஒயர்கள் சேமியா மாதிரி தொங்குகின்றன. போன் போட்டால் ஏணியோடு சிரித்த முகமாக உடனே வருகிறார்கள், அம்மா கொடுக்கிற காபியைக் குடிக்கிறார்கள், “டோனா நெயூசா, இனிமே ராக்கெட் வேகந்தான்” என்கிறார்கள், அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் லைன் போய்விடுகிறது, திரும்பக் கூப்பிட்டால் அதே சிரிப்போடு வந்து இன்னொரு காபி குடிக்கிறார்கள். லைன் இருக்கிற நேரத்திலும் கொஞ்சம் அசைந்தால் முகம் சதுரம் சதுரமாக உடைந்துவிடும். அதனால்தான் உன் சித்தியோடு பேசும்போதெல்லாம் உன் அம்மா பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாக உட்காரப் பழகிக்கொண்டாள். எல்லைக்கு அந்தப் பக்கம், ரிவேராவில், நேர்மாறு. அங்கே உருகுவேக் கம்பெனிக்காரர்கள் சிரிப்பதில்லை, காபி வேண்டாம் என்பார்கள், சொன்ன நாளில் வருவார்கள், இழுத்த ஃபைபர் புயலடித்தாலும் அசையாது. ஆனால் ஒரு விதியைக்கூட வளைக்க மாட்டார்கள். நானும் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன். எனக்கு அந்தப் பக்கம்தான் மனசு போனது.

நம் கொல்லையில் எல்லைக்கல் நிற்கிறதே, அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற இறைச்சி சுடும் கொட்டகை உருகுவே மண். கொட்டகைக்கு ஃபைபர் வாங்கிவிட்டால் வைஃபை தானாக உன் அறை ஜன்னலுக்கு வந்துவிடும். ஒரு ஒயரைக் கல்லுக்கு மேல் போட்டு வீட்டுக்குள்ளேயே இழுத்துவிடலாமே என்றாள் உன் அம்மா. அது கடத்தல் என்றேன். காற்றில் வருவதற்குச் சட்டமில்லை, ஒயருக்கு உண்டு. “கல்யாணத்துக்கு எங்க அக்கா கொண்டுவந்த சீஸையே பிரிச்சு மோந்து பாத்த மனுஷன்தானே நீங்க! பொண்ணுக்காக ஒரு ஒயரு தாண்டக்கூடாதா?” என்று பிடிபிடி என்று பிடித்தாள். நான் அசைந்து கொடுக்கவில்லை.

ஃபைபர் போட வந்தது ஒரு பெண். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். “இது வீட்டு இணைப்பு, ஐயா. ஆள் குடியிருக்கிற இடத்துக்குத்தான் குடுப்போம். இங்க யாரு குடியிருக்கா?” என்றாள். இரும்புத்தட்டு, கரி மூட்டை, நான். “நான்தாம்மா” என்றேன். “அப்ப முன்னாடி இருக்கிற வீட்டுல?” “அங்க என் மனைவி இருக்கா.” அந்தப் பெண் என்னையே பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “மனசைத் தேத்திக்கங்க ஐயா, எல்லாம் சரியாயிடும்” என்றாள். ஒன்று யோசித்துப் பார், மகளே. காலமெல்லாம் பொய் வாக்குமூலம் கொடுத்தவர்களைப் பிடித்தவன் நான். குடியிருக்கிறேன் என்று வாயால் சொன்னபிறகு குடியிருக்காமல் இருக்க முடியுமா? அன்று சாயங்காலமே கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

கட்டில் போனதைத் தெருவே பார்த்தது. அப்புறம் கேட்கணுமா? மாதா கோவில் பெண்கள் சங்கத்துத் தலைவி ஸில்டா அம்மாள் சோளமாவுக் கேக்கோடு வந்து உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். “இணையத்துக்காகப் போயிருக்காருங்க” என்று இவள் சொல்ல, “முதல்ல எல்லாரும் அப்படித்தான்டி சொல்லுவாங்க, எனக்குத் தெரியாதா?” என்றாளாம். அந்தப் பக்கத்துப் பழைய சிநேகிதர்களோ ஃபிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, ஒரே மாத்தேத் தேநீர்க் குடுவையைச் சுற்றிக் கொடுத்து, விலா எலும்பு சுட்டுத் தின்று, “முதல் குளிர்காலந்தான் கஷ்டம் வில்மார், அப்புறம் பழகிடும்” என்று முதுகைத் தட்டிவிட்டுப் போனார்கள். உண்மையைச் சொன்னால் பாவமாகப் பார்க்கிறார்கள். சொல்லாவிட்டால் இன்னும் பாவமாகப் பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் நான் சகித்துக்கொண்டது, நீ வீடியோவில் கூப்பிட்டு லைனைச் சோதிப்பதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சைக்காக. உன் மேஜையை ஜன்னலோரம் நகர்த்தி, உன் அம்மாவை அதன் முன்னால் உட்காரவைத்து, வேண்டிய உத்தரவுகளைக் கொடுத்துவிட்டு நான் கொட்டகைக்கு ஓடினேன். மழை கொட்டியது, கூரை ஒழுகியது, வைஃபை பெட்டி நனையாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். நீ கூப்பிட்ட நேரம் பார்த்து ஸில்டா அம்மாள் பாதிரியாரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். “மகனே, வீட்டுக்குத் திரும்பு” என்றார் அவர். “திரும்ப முடியாது சாமி, குடையை யார் பிடிக்கிறது?” என்றேன். வாக்குவாதம் முற்றி, அவர்கள் தலையில் அடித்துக்கொண்டு போன பிறகு போனை எடுத்தால் உன் செய்தி வந்திருக்கிறது: “அப்பா, அம்மா படம் அப்படியே உறைஞ்சு போச்சு. சத்தமும் வரலை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் அதே கதிதான். விடுங்கப்பா, நான் இங்கேயே வீடு வாங்கிக்கறேன்.”

படித்ததும் உன் அம்மாவிடம் லைன் சரியில்லையாம் என்று மட்டும் சொன்னேன். அவள் போய் உன் மேஜையைத் துடைத்தாள். அந்த ஃபைபர் பெண்ணை வரவழைத்தேன். சோதித்துவிட்டு, “லைன் தங்கமா இருக்கு ஐயா, ஒரு குறையும் இல்லை” என்றாள். உனக்கு வேலையே தெரியாது என்று திட்டி அனுப்பினேன்.

ஆகையால் முடிவுக்கு வந்துவிட்டேன். வைஃபையை நம்பிப் பயனில்லை. வீடே அந்தப் பக்கம் இருக்க வேண்டும். ரிவேராவில் குன்றுப் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறேன், சுவருக்குள்ளேயே ஃபைபர் இருக்கிறது. நாளைக்குப் பேசி முடிக்கப் போகிறேன். இந்த வீடு உன் அம்மா பிறந்த வீடு, அவள் முடிதிருத்தும் கடை நடத்துகிற முன்னறையும் இதில்தான் இருக்கிறது. விற்கலாமா என்று கேட்டதற்கு, “பொண்ணு வர்றான்னா வித்துடுங்க” என்றாள். அவள் அப்படி டக்கென்று சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாமல் எங்களுக்கு ஒரே ஒரு மாதம் கொடு. நம்பிக்கையோடு இருக்கிறேன்.

இரண்டு நாட்டுப் புனிதர்களும் பங்கு போட்டுக்கொள்ளாமல் முழுசாக உன்னைக் காக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அன்புத் தந்தை,
வில்மார்.

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடு. உறையை ஒட்டுவதற்கு முன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “உறைஞ்சு போச்சு” என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். “என்னது, உறைஞ்சுதா? நீங்கதானே ஆடாம அசையாம, வாயே தொறக்காம உக்காரு, நான் போதும்னு சொல்றவரைக்கும்னு சொல்லிட்டுப் போனீங்க? நீங்க சொல்லவேயில்லையே!” என்றாள். பாதிரியாரோடு மல்லுக்கு நின்றதில் நான் மறந்தே போனேன். “அம்மா, அம்மான்னு கூப்பிட்டா புள்ளை. எல்லாம் கேட்டுச்சு. பேசினா படம் போயிடும், படம் போனா வரமாட்டாளேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு அவளையே பாத்துக்கிட்டு இருந்தேன்” என்று சொல்லிவிட்டு அழுகிறாள். நான் அந்த ரிவேரா வீட்டுக்காரருக்கு வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த ஃபைபர் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். லைன் எப்படி இருந்தது என்று அன்றைக்கு அம்மா படத்தில் பார்த்ததை வைத்து இனி நீயே முடிவு செய்துகொள்: நீ முடி வெட்டிக்கொண்டதை எங்களிடம் சொல்லவில்லையாம், வலது காதுப் பக்கம் ஒரு விரற்கடை கோணலாம், வெட்டியவள் கையில் நடுக்கமாம். உன் அம்மா கத்தரிக்கோலைத் தீட்டி உன் மேஜைமேல் வைத்திருக்கிறாள்.