புகார் இல்லாத குற்றம்

எங்கள் அலுவலகத்தில் பாகுபாடு என்பதே கிடையாது. நம்பாதவர்கள் கள்ளக்குறிச்சிக்கு வந்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் மாடிக் கட்டடத்தைப் பார்க்கலாம். வாசலில் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. பலகை வைத்த பிறகும் ஒழியாத தீமை எங்களிடம் எதுவும் இல்லை. லஞ்சமும் அப்படித்தான் ஒழிந்தது.

மலைவிளைபொருள் கொள்முதல் அலுவலகம் என்று எங்களுக்குப் பெயர். கல்வராயன் மலையிலிருந்து வரும் கடுக்காய், புளி, தேன், சாமை எல்லாவற்றையும் எடை போட்டு வாங்கி ரசீது கொடுக்கிறோம். நான் அங்கே ஒப்பந்த உதவியாளன், பெயர் இளமாறன். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வீட்டில் முதல் பட்டதாரி நான் என்பதால், எந்த அரசுத் தாளைப் பார்த்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவேன். எந்த வரியில் நம்மை வீட்டுக்கு அனுப்புகிறார்களோ என்ற பயம்தான். நிரந்தரப் பணியாளர்கள் சுற்றறிக்கையில் யார் கையெழுத்து என்று மட்டும் பார்ப்பார்கள். அவர்களுக்கு அது போதும்.

எழில்மதி அக்கா தியாகதுருகத்திலிருந்து வருகிறவர். திருநங்கை. எம்.காம். படித்தவர். ரசீது கவுண்டருக்கென்று ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர். ஆனால் சேர்ந்த அன்றே மேலாளர் அன்புச்செல்வன் அவரைக் கடுக்காய்க் கிடங்கில் உட்கார வைத்துவிட்டார்.

“ஜனங்க கூச்சப்படுவாங்கம்மா. அப்புறம் உனக்குத்தான் சங்கடம்” என்றார்.

இதைப் பாகுபாடு என்று சொல்ல முடியாது, பரிவு என்றுதான் சொல்லவேண்டும். அந்தப் பரிவினால் அக்கா மூட்டைகளுக்கு நடுவே கணினியை வைத்துக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தார். கவுண்டர் நாற்காலி காலியாகக் கிடந்தது. மலைக்காரர்கள் அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் படிக்கட்டு வரைக்கும் வரிசையில் நின்றார்கள். கண்காணிப்பாளர் வீரமணி சாருக்கு ஒழிந்த நேரத்தில் வந்து ரசீது போடுவார். அவருக்கு ஒழிவதே இல்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கவுண்டரில் வேலை பார்த்தால் மட்டுமே ஒப்பந்தம் நீடிக்கப்படும் என்று அக்காவின் பணி ஆணையில் போட்டிருந்தது. கடைசி வரி. நான்தான் படித்துச் சொன்னேன். அன்றிலிருந்து அக்காவுக்கு அந்த நாற்காலியைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

இப்படி இருக்கையில்தான் சென்னைத் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பணியிடத்தில் திருநர்களிடம் பாகுபாடு காட்டுவது சட்டப்படி குற்றம், ஒவ்வோர் அலுவலகமும் ஒரு புகார் அலுவலரை நியமித்துக் காலாண்டுதோறும் அறிக்கை அனுப்பவேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

புகார் அலுவலராக இருக்க யாரும் முன்வரவில்லை. நாலு பேர் நம்மையே அப்படி நினைத்துவிட்டால் என்ன செய்வது என்பது பொதுவான கவலை. சந்தேகத்துக்கு இடமில்லாத ஆளாக இருக்கவேண்டும் என்று மேலாளர் தீவிரமாக ஆலோசித்து, மீசையின் அடிப்படையில் வீரமணி சாரை நியமித்தார். மறுநாளே வீரமணி சார், மனைவி மக்களோடு எடுத்த படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். படம் அவரைப் பார்த்து இல்லை, வருகிறவர்களைப் பார்த்து இருந்தது. அந்த வாரத்துக்குள் இது அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. எல்லா மேசையிலும் ஒரு குடும்பம் வெளிப்பக்கம் பார்த்துச் சிரித்தது. கல்யாணம் ஆகாத நான் மட்டும் பிள்ளையார் படம் வைத்தேன்.

முதல் காலாண்டில் ‘புகார் இல்லை’ என்று பெருமையோடு அனுப்பினோம். எங்கள் அலுவலக ஆங்கிலத்தில் அதற்கு நில் அறிக்கை என்று பெயர். பதிலுக்குக் குறிப்பாணை வந்தது. அண்டை மாவட்டங்கள் எல்லாம் புகார்களைப் பெற்றுத் தீர்த்தும் வைத்திருக்கின்றனவாம். தங்கள் அலுவலகத்தில் ஒரு புகார்கூட எழவில்லை என்றால் புகார் அலுவலர் தூங்குகிறார் என்று கொள்ளலாமா, விளக்கம் தருக.

வீரமணி சார் மின்விசிறிக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டார்.

அக்கா கிடங்கிலிருந்து எழுந்து மேலாளர் அறைக்கு வந்தார். “சார், என்கிட்ட ஒரு புகார் கீதுங்க. என்னைக் கிடங்குல வெச்சிருக்கீங்க.”

“அது புகார் இல்லம்மா. கோரிக்கை. புகார்னா குத்தவாளின்னு ஒருத்தன் வேணும்.”

“வெச்சது நீங்கதானே சார்?”

மேலாளர் கோபப்படவில்லை. சட்டத்தின் பக்கமிருந்தே யோசித்தார். “சரிதான். ஆனா என்மேல புகார்னா அது மேலிடத்துக்குப் போவணும். அவங்க கணக்குலதான் ஏறும். நமக்கு மறுபடியும் நில்லுதான். இல்லியா வீரமணி?”

அதுதான் சட்டத்தின் நிலைப்பாடு என்று வீரமணி சாரும் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

ஆகவே கீழ்நிலையில் ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். ஒப்பந்தப் பணியாளர்கள் குற்றம் செய்தால் வேலை போய்விடும் என்பதால் எனக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. கடைசியில் ஜீப் ஓட்டுநர் கந்தசாமி அண்ணன் தேர்வானார். நிரந்தரப் பணி. எந்தத் தண்டனையும் அவருடைய பதவி உயர்வைக் கெடுக்காது, அவருக்குப் பதவி உயர்வே கிடையாது. ஒரே குறை, அவர் தினமும் அக்காவோடுதான் டீ குடிப்பார். மலைக்குப் போய் வந்தால் அக்காவுக்குப் பலாச்சுளை கொண்டுவருவார்.

“எனக்கு அந்தப் பொண்ணு மேல கோவமே இல்லீங்களே சார்.”

“கோவம் யாருய்யா கேட்டா? பாகுபாடு காட்டு, போதும்.”

“அது எப்பிடி சார் காட்றது?”

மேலாளர் வீரமணி சாரைப் பார்த்தார். வீரமணி சார் என்னைப் பார்த்தார். ஒரு மனுஷியைக் கிடங்கில் உட்கார வைத்திருந்த எங்களில் ஒருவருக்கும் பாகுபாடு எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

கடைசியில் அக்காவேதான் சொல்லிக்கொடுத்தார். “அண்ணே, இது தியாகதுருகம் பஸ்ஸுன்னு வெச்சுக்க. நான் வந்து பக்கத்துல உக்கார்றேன். நீ எழுந்து போவணும்.”

அக்கா உட்கார்ந்ததும் அவர் மரியாதையாக எழுந்து இடம் விட்டார்.

“ஐயே, அப்பிடி இல்ல. மொதல்ல மேலயும் கீழயும் ஒரு தபா பாக்கணும். அப்புறம் பையை இழுத்து மடியில வெச்சிக்கணும். அப்புறந்தான் எழுந்திருக்கணும்.”

பை இல்லை என்றார் அண்ணன். மேலாளர் தன்னுடைய தோல் பையை மனமுவந்து கொடுத்தார். அதை மடியில் வைத்ததும் ஜீப்பில் உட்கார்ந்த பழக்கத்தில் அவர் கை தானாக கியரைத் தேடியது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம். மூஞ்சியைச் சுளிக்கச் சொன்னால், தும்மல் வருகிற மாதிரியா என்று அண்ணன் கேட்டார். ஒருவழியாக முழுதும் சரியாகச் செய்து, பையோடு எழுந்தவர், அப்படியே நின்று அழ ஆரம்பித்துவிட்டார். “மன்னிச்சிக்கம்மா.”

“மன்னிப்பு அடுத்த கட்டம்யா. அதுக்கு போட்டோ எடுக்கணும்” என்றார் மேலாளர்.

புகார் பெறப்பட்டு, விசாரிக்கப்பட்டு, குற்றம் நிரூபணமாகி, சால்வை போர்த்தி மன்னிப்புக் கேட்கப்பட்டது. தலைமையகம் நெகிழ்ந்துபோனது. பயனாளியைப் பணியிடத்திலேயே சந்திக்க ஓர் அதிகாரி நேரில் வருவதாகத் தகவல் வந்தது.

பணியிடம் என்றால் கிடங்கு. அதிகாரிக்குத் தூசு ஆகாதாம். வேறு வழியில்லாமல் அக்காவைக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள்.

அன்றைக்கு மலையிலிருந்து நல்ல கூட்டம். ஜனங்கள் கூச்சப்படப்போகிறார்கள் என்று மேலாளர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். முதலில் நின்ற பெரியம்மாள் புளி மூட்டையை இறக்கிவிட்டு அக்காவை உற்றுப் பார்த்தார். “நீ புச்சா வந்துக்கிறியா? அந்த மீசக்காரரு இல்லியா?”

“இல்லீங்க. நான்தான்.”

“அப்பாடா” என்றார் பெரியம்மாள்.

மதியத்துக்குள் வரிசை கரைந்துவிட்டது. கூச்சப்படுவார்கள் என்று நாங்கள் நம்பியிருந்த பொதுமக்கள், அந்தக் கடமையிலிருந்து முழுமையாகத் தவறிவிட்டார்கள். அதிகாரி அக்காவோடு படம் எடுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே ‘பாகுபாடற்ற முன்மாதிரி அலுவலகம்’ என்று கேடயம் வந்தது. அக்கா கவுண்டரிலேயே தங்கிவிட்டார்.

அடுத்த காலாண்டு முடியப்போகும்போதுதான் ஆபத்து புரிந்தது. புகார் எதுவும் இல்லை. முன்மாதிரி அலுவலகத்திலிருந்து நில் அறிக்கை. கந்தசாமி அண்ணனோ இன்னொரு தடவை என்றால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

மேலாளர் கூட்டம் போட்டு நிலைமையை விளக்கினார். கவுண்டரில் வைத்தால் புகார் வருவதில்லை. கிடங்கில் வைத்தால் வருகிறது. எனவே அக்கா கிடங்குக்குத் திரும்புவதே முறை. “சட்டம் உன்னைக் காப்பாத்தணும்னா, நாங்க உன்னை இன்னாவாவது பண்ணணும் இல்லம்மா?”

அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் நீடிப்பது பற்றி அந்த மாதம்தான் முடிவாக இருந்தது.

சுற்றறிக்கையைக் கடைசி வரி வரைக்கும் படித்தவன் நான் ஒருவன்தான். எழுந்து நின்றேன்.

“சார், கடைசி வரியில தன்பாலீர்ப்பு உள்ளவங்ககிட்டயும் பாகுபாடு காட்டக்கூடாதுன்னு போட்டிருக்கு. அவங்க குடுத்தாலும் புகார் கணக்குல வரும்.”

“அதுக்கு ஆள் வேணுமே தம்பி. நம்ம ஆபீஸ்ல அப்பிடி யாரு கீறாங்க?”

வீரமணி சார் குடும்பப் படத்தை இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பினார். கந்தசாமி அண்ணன் தனக்குப் பேரன் இருப்பதை நினைவூட்டினார்.

“நான் இருக்கேன் சார்” என்றேன்.

அக்கா வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அவருக்கு முன்பே தெரியும். மேலாளர் முகத்தில் முதலில் வந்தது மகிழ்ச்சிதான், அதைச் சொல்லவேண்டும். மலைமேல் மழை இறங்குவதைப் பார்த்தவர்போல எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். “நெசமாவா தம்பி?”

“நெசந்தான் சார்.”

அப்போது வீரமணி சார் தொண்டையைச் செருமினார். “சான்று இருக்குதா?”

“இன்னா சான்று சார்?”

“நீ அப்பிடித்தான்னு சான்று. இந்தம்மா, திருநங்கைன்னு கலெக்டர் குடுத்த அட்டை வெச்சிருக்கு இல்ல?”

“எங்களுக்கு அப்பிடி ஒண்ணும் தர்றதில்லைங்க சார்.”

“அப்போ நாளைக்கி எவன் வேணா வந்து, நானும் அப்பிடித்தான்னு சொல்லுவானே.”

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எவனும் வந்து சொல்லவில்லை.

மேலாளர் என் கையை விட்டுவிட்டுத் தன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். நிரூபணம் ஆகாத நிலையில் என்னிடம் பாகுபாடு காட்டச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பானது. ஆனாலும் விஷயம் வெளியே வந்துவிட்டதால், மறுநாளிலிருந்து என் இருக்கையைக் கிடங்குக்கு மாற்றினார்.

“ஜனங்க கூச்சப்படுவாங்க தம்பி. உனக்குத்தான் சங்கடம்.”

கிடங்கில் மூட்டை போக ஒரு நாற்காலிக்குத்தான் இடம். அதனால் அக்காவை அங்கே அனுப்ப முடியவில்லை. கவுண்டரிலேயே இருந்தார். ஒப்பந்தமும் நீடிக்கப்பட்டது. ஆணையைக் கொண்டுவந்து என்னிடம் காட்டி, கடைசி வரியை முதலில் படிக்கச் சொன்னார். நல்ல வரியாகத்தான் இருந்தது.

கிடங்குக்கு மாற்றியது பற்றி நான் எழுதிய புகார், சான்று இணைக்கப்படவில்லை என்று திரும்பி வந்தது. ஆக, மறுபடியும் நில். அதற்கான விளக்கத்தை நன்றாக எழுதக்கூடியவன் என்பதால் அதையும் என்னிடமே கொடுத்தார்கள். ‘இவ்வலுவலகத்தில் பாகுபாடு ஏதும் நிகழவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று தும்மலுக்கு நடுவே தட்டச்சு செய்தேன்.

விளக்கம் போன மறுநாள், சாப்பாட்டு நேரத்தில், ஒருவர் கிடங்குக்குள் வந்து கதவைச் சாத்தினார். கடுக்காய் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். ஈரப்பதம் பற்றி ஏதோ கேட்டார். திரும்பிப் போகிறவர்போலக் கதவு வரைக்கும் போய், என்னைப் பார்க்காமலே மெல்லக் கேட்டார்.

“தம்பி, அந்தச் சான்று... ஒருவேளை குடுக்க ஆரம்பிச்சாங்கன்னா, வூட்டுக்குத் தெரியாம வாங்க முடியுமா?”

சுற்றறிக்கையில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றேன். கடைசி வரி வரைக்கும் பார்த்துவிட்டாயா என்றார். பார்த்துவிட்டேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் யார் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் அலுவலகத்தில் வந்து தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. எல்லா மேசையிலும் குடும்பப் படம் இருக்கிறது.