கோணல் மூலை ராஜா

ஒரு மாதம் என் வீட்டில் புறாப் பேச்சே எழக்கூடாது. இதுதான் என் சபதம். சுப்ரா பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருபத்திரண்டு புறா வளர்க்கிறேன். என் மனைவி இனாயாத் அங்கேதான் துணி காயப்போடுவாள். மீதியை நான் சொல்ல வேண்டுமா?

"என் வெள்ளை விரிப்பு எந்தக் கலர்ல இருக்கு, பாருங்க!"

"நல்ல கலர்தான்."

"கூண்டுத் தாழ்ப்பாள் போட்டீங்களா?"

"போட்டேன்."

"போடல. நான் போட்டுட்டு வந்தேன்."

தினமும் காலையில் இதே பாட்டு.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் இனாயாத்தையும் சேர்த்துப் பதினாலு பேர் எங்கள் வீட்டில் கூடி 'ஷாயிப்' ஆடுவோம். சீட்டுக்கட்டில் மூன்று ராஜாவை எடுத்துவிட்டு ஒரே ஒரு கிழட்டு ராஜாவை விட்டுவைப்போம். பக்கத்தில் இருப்பவர் கையிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, ஜோடி சேர்ந்ததைக் கீழே போட வேண்டும். கடைசியில் ராஜாவோடு மாட்டியவர் தோற்றவர். முதலில் கை காலியானவர் சொல்வதுதான் தீர்ப்பு. போன வாரம் ஒரு பல் மருத்துவர் பெண்டாட்டியின் பூப்போட்ட அங்கியை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய் வறுத்த விதை வாங்கிவந்தார். தீர்ப்பை மீறினால் சுப்ராவில் தலைகாட்ட முடியாது.

அந்த வெள்ளியன்று ராஜாவின் மூலையை நகத்தால் லேசாக மடித்துவைத்தேன். இனி அது எங்கே இருந்தாலும் நான் தொடமாட்டேன். என் மூளையை நினைத்து எனக்கே மலைப்பாக இருந்தது. முதலில் கை காலியானது நான். கடைசியில் ராஜாவும் கையுமாக உட்கார்ந்திருந்தது யார்? இனாயாத்!

எதிர்மாடி ஷவ்கத் மேசையைத் தட்டினான். அவனும் புறாக்காரன். யார் புறாவானாலும் அது போய் இறங்கிய கூண்டுக்காரனுக்கே சொந்தம் என்பது எங்கள் புறாக்காரர்கள் சட்டம்.

"தீர்ப்பைச் சொல்லுப்பா, ரம்ஸி!"

"இன்னிலேர்ந்து ஒரு மாசம் என் புறாவைப் பத்தி இவ மூச்சு விடக்கூடாது!"

"சரிங்க" என்றாள் இனாயாத்.

அடடா, என்ன அமைதி! விரிப்பில் எச்சம் விழுந்தது. பேசவில்லை. தலையணை உறையில் விழுந்தது. அப்போதும் பேசவில்லை. இப்படியும் ஒருத்தி சொன்ன சொல் காப்பாளா என்று வாய் பிளந்தேன்.

இருபதாம் நாள், இரண்டு நாள் வேலையாக வெளியூர் தன்தாவுக்குப் போய்விட்டுத் திரும்பி மாடிக்குப் போனேன். கூண்டு திறந்து கிடந்தது. அதன்மேல் வெள்ளை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு புறாவும் எதிர்மாடியில் சோளம் பொறுக்கிக்கொண்டிருந்தன.

"டேய் ஷவ்கத்! வீட்ல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"முந்தாநாளே வந்து சொன்னேனேப்பா! உன் வீட்டம்மா வாய்மேல விரலை வெச்சாங்க. தீர்ப்பை மீறச் சொல்றியா?"

கீழே ஓடினேன்.

"நான் தாழ்ப்பாள் போடலைன்னு தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

இனாயாத் சுவர் நாள்காட்டியைக் காட்டினாள். இன்னும் பத்து நாள்.

முப்பத்தோராம் நாள் தேநீரோடு வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப கேளுங்க."

"அன்னிக்கு நீ எப்படித் தோத்தே?"

"தேடிப் பிடிச்சுத் தோத்தேன். நீங்க என்ன தீர்ப்பு சொல்வீங்கன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். நான் சொல்லாட்டி நீங்க தாழ்ப்பாள் போடமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

அப்படியே அசந்துபோனேன்.

"அப்போ, ராஜாவோட மூலை மடிஞ்சிருந்தது..."

"அரைகுறையா மடிச்சிருந்தீங்க. சீட்டைக் கலைக்கும்போது நான்தான் என் கண்ணுக்கும் தெரியற மாதிரி நல்லா அழுத்தி மடிச்சுவிட்டேன்."