கோமிசருக்குப் பத்தியம்

உஸ்குதார்
ஞாயிறு, முற்பகல்

என் மனைவியின் மூத்த சகோதரரும், எங்கள் தெருவின் ஒரே முடிதிருத்துநரும், தற்சமயம் கய்சேரியில் மகள் நெவின் வீட்டில் உப்பில்லாத சூப் குடித்து இதயத்தைத் தேற்றிக்கொண்டிருப்பவருமான மதிப்பிற்குரிய ஸெகாய் அவர்களின் சமூகத்திற்கு, மைத்துனன் ருக்நெத்தின் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் நலம். தங்கள் தங்கை முவல்லா நலம். அவளுடைய கம்பளங்கள் மட்டும் நலமில்லை. காரணம் கீழே வரும்.

தாங்கள் என்னிடம் கேட்டவை இரண்டு கேள்விகள். கோமிசர் எப்படி இருக்கிறான் என்பது ஒன்று. கடையைக் கேட்டு நச்சரிக்கும் அந்தக் காப்பிக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு நெவினோடேயே தங்கிவிடலாமா என்பது மற்றொன்று. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுக்கிற நெவின், "அப்பாகிட்ட பதற்றமா எதுவும் பேசிடாதீங்க மாமா, ஆபரேஷன் தையல் இன்னும் ஆறலை" என்கிறாள். நானோ இந்த விஷயத்தைக் கத்தாமல் பேசும் நிலையில் இல்லை. காகிதத்தில் கத்தினால் யாருக்கும் கேட்காது. ஆகவே இந்தக் கடிதம்.

தாங்கள் ஆம்புலன்ஸில் ஏறியபோது என் கையைப் பிடித்துச் சொன்னது ஒரே வார்த்தை. "கோமிசரைப் பார்த்துக்கோ." கூடப் பிறந்தவளைப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை. கடைச் சாவியைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு தெருநாய்க்குப் போலீஸ் அதிகாரிப் பட்டம் சூட்டிய பெருமை தங்களுடையது, அவன் பின்னால் காகிதத்தோடு குனியும் பாக்கியம் என்னுடையது. தெருவுக்கே சொந்தமான நாய் என்று எல்லோரும் மார்தட்டுகிறார்கள். தெருவுக்கே சொந்தம் என்றால் என்ன பொருள் என்று இப்போது தெரிந்துகொண்டேன்: ஊட்டுவதற்குத் தெரு, அள்ளுவதற்கு ருக்நெத்தின்.

தாங்கள் இருந்தவரை அவன் தங்கள் கடைவாசலில் கிடந்து, தங்கள் கையால் தின்று, மரியாதையாக வாழ்ந்தான். ஷட்டரை இறக்கிய மறுநாளே துரை ஊர்வலம் கிளம்பிவிட்டார். ஒவ்வொரு வாசலாகப் போய் உள்ளே தலையை நீட்டுவது, அந்த ஈரக் கண்ணால் ஒரு பார்வை பார்ப்பது. நம் தெருவில் அது போதாதா? பார்த்த கண்ணுக்குப் பங்கு உண்டு என்று தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்த சனம். கறிக்கடை ஹைரி நுரையீரலை வெட்டிப் போட்டான். ரொட்டிக்கடை ரெம்ஸி, பாலாடைக்கட்டி வைத்த பொரெக்கை ஊட்டினான். ஷாதியே அத்தை ஒரு கிண்ணம் பால். அதற்குமேல் எதிர்வீட்டுக் கத்தரிக்காய்ப் பொரியல், அடுத்த வீட்டு மீன் தலை. ஒருத்தர் கொடுத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது, எல்லாம் தெரிந்தது அவன் வயிற்றுக்கு மட்டும். அப்புறம் தெருவுக்கே தெரிந்தது. எழுத நாகரிகம் இடம் கொடுக்கவில்லை, ஆனால் பள்ளிவாசல் முடுக்கு வரைக்கும் தெரிந்தது.

கால்நடை டாக்டர் ஃபிகெனிடம் அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். பெரிய நாய், மச்சான். என் இடுப்பு இன்னும் அதை மறக்கவில்லை. அந்தம்மா தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு பொழுது பட்டினி, தண்ணி மட்டும். அப்புறம் தோல் எடுத்த கோழிக்கறியை வேகவச்சு, குழைஞ்ச வெள்ளைச் சோறு. உப்பு, எண்ணெய், வெங்காயம் கூடவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமா, பல தடவை. வேற யார் கையாலயும் எதுவும் போகக்கூடாது" என்றார்கள். "வயசான நாய் சார். இப்படியே போனா உடம்பு தாங்காது" என்றும் சொன்னார்கள். அதைச் சொன்னபோது என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்தே சொன்னார்கள். எனக்கு ஆம்புலன்ஸ் வாசலில் தாங்கள் என் கையைப் பிடித்த பிடி ஞாபகம் வந்தது.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். முத்திரை இல்லாத காகிதம் என் மேசையைத் தாண்டியதில்லை. ஒரு நாயின் வாயைக் காவல் காக்க முடியாதா என்று நினைத்தேன். கடை கடையாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். "என்னண்ணே, நான் போடுவேனா? என் பிள்ளை மாதிரி அது" என்றான் ஹைரி. அவன் பிள்ளையின் பருமனைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஷாதியே அத்தையோ நான் வாயைத் திறக்கும் முன்னே, "நான் பால் எதுவும் ஊத்தலை தம்பி" என்று சொல்லிவிட்டாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை. சாயங்காலம் பார்த்தால் கோமிசர் மீசையில் வெள்ளை. "அது பால் இல்லை, தண்ணி கலந்த பால்" என்று விளக்கம். ரெம்ஸியைக் கேட்டால், "நான் சாப்பாடே போடலைண்ணே. ஒரு வாய்தான். பார்த்துக்கிட்டே நின்னா எனக்கு எப்படி இறங்கும்?" என்கிறான். நம் தெருவில் ஒரு வாய் என்பது சாப்பாட்டுக் கணக்கில் வராது. அப்படித் தெரு முழுக்க ஒரு வாய்.

சரி, வீட்டுச் சமையலாவது என் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று நம்பினேன். தங்கள் தங்கையை மணந்து இத்தனை காலம் ஆன பிறகும் எனக்கு நம்பிக்கை இருந்தது பாருங்கள், அதற்கே எனக்கு ஒரு பதக்கம் தரலாம். சோறு குழைந்து வந்தது. பளபளவென்று இருந்தது. "வெண்ணெய் போட்டியா?" என்றேன். "ஒரு கரண்டி. வெண்ணெய் இல்லாத சோத்தை ஜெயில்லகூட போடமாட்டாங்க. என் வீட்டுத் தட்டு வெளியே போய் என் பேரைக் கெடுக்கணுமா?" என்றாள். சாப்பிடப்போவது நாய் என்றேன். "நாய்க்கு நாக்கு இல்லையா?" என்றாள். மறுநாள் வெண்ணெய் இல்லை, வறுத்த சேமியா இருந்தது. அதற்கு மறுநாள் சேமியா இல்லை, "மணத்துக்காக" தக்காளி விழுது இருந்தது. அவனோ நாளுக்கு நாள் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிக்கொண்டிருந்தான். விலா எலும்பை எண்ணலாம் போல ஆகிவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. பார்த்த கண்ணுக்குத்தானே பங்கு? கண்ணே பார்க்காமல் செய்துவிட்டால்? கோமிசரை வீட்டுக்குள் கொண்டுவந்து அடைத்தேன். தொழுகை விரிப்பை முவல்லா மாடிக்குக் கொண்டுபோனாள், மற்றக் கம்பளங்களைச் சுருட்டினாள், சுருட்டாத ஒன்றில் அவன் தன் நிலைமையை விளக்கமாகக் காட்டினான். அவள் என்னோடு ஒரு நாள் பேசவில்லை. அமைதியாக இருந்தது. இப்படியே போனால் நாயும் தேறும், நானும் தேறுவேன் என்று நினைத்தேன்.

மறுநாள் வாசல்மணி. ஹைரி, அவன் பெண்டாட்டி, கையில் ஒரு தட்டு நிறைய உருண்டை கபாப். "கோமிசருக்கு உடம்பு முடியலைன்னு கேள்விப்பட்டோம். நோவு கடந்து போகட்டும்." மச்சான், நோயாளியைப் பார்க்க வந்துட்டாங்க. வந்தவங்களை வாசல்ல நிறுத்த முடியுமா? உட்கார வச்சு, கையில எலுமிச்சைக் கொலோன் ஊத்தி, டீ போட்டு, டீக்குத் தொட்டுக்க முவல்லா பிஸ்கட்டு, கேக்கு எல்லாம் எடுத்து வச்சா. நோயாளி நடுவுல உட்கார்ந்து ஒவ்வொருத்தர் வாயையும் மாறி மாறிப் பார்க்கிறான். ஹைரி எழுந்து போறதுக்குள்ள ரெம்ஸி, ரெம்ஸி போறதுக்குள்ள ஷாதியே அத்தை. "நோயாளியைப் பார்க்க வெறுங்கையோட வர்றதுக்கு நான் என்ன நாகரிகம் தெரியாதவளா?"ன்னு ஒரு சட்டி அரிசிப் பாயசம். நான் கரடியா கத்தினேன். "பாவம், உங்களுக்கும் உடம்பு சரியில்லை போல"ன்னு எனக்கும் ஒரு கிண்ணம் ஊத்திக் கொடுத்தாங்க. அத்தோட நின்னாங்களா? தட்டைக் காலியா திருப்பிக் கொடுக்கக் கூடாதேன்னு முவல்லா ஒவ்வொரு தட்டுலயும் எதையாவது செஞ்சு நிரப்பி அனுப்பினா. தட்டு போகுது, தட்டு வருது. என் வீடு பத்திய வீடா, கல்யாண வீடான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.

அந்த வாரக் கடைசியில் அவன் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் வாலை மட்டும் தரையில் ஒரு தட்டுத் தட்டினான். ஃபிகென் அம்மா வீட்டுக்கே வந்து நரம்பில் மருந்து ஏற்றினார்கள். "சார், இவனைக் கொல்றது நோய் இல்லை. பாசம்" என்றார்கள். முவல்லா சமையலறையில் போய் நின்றுகொண்டு அழுதாள். பிறகு வெண்ணெய்ச் சட்டியை எடுத்து என் கையில் கொடுத்து, "இதை எங்கயாவது ஒளிச்சு வைங்க, எனக்குச் சொல்லாதீங்க" என்றாள். அதுதான் எங்கள் வீட்டில் நடந்த முதல் முன்னேற்றம்.

இரண்டாவது முன்னேற்றம் என்னுடையது. நம் ஆட்களின் கையைக் கட்ட முடியாது, ஆனால் கையில் இருப்பதை மாற்றலாம் அல்லவா? காலையில் கோழியும் சோறும் நானே வேகவைத்தேன். வேகவைத்துப் பிசைந்த பூசணிக்காய் கொஞ்சம், அதுவும் டாக்டர் சொன்னதுதான். சின்னச் சின்ன டப்பாவில் போட்டுக் கடை கடையாகக் கொண்டுபோய் வைத்தேன். "கொடுக்கணும்னா இதிலேருந்து கொடு. ஒரு வாய். உன் கையாலயே." ஹைரி டப்பாவைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். "இதைக் கொடுத்தா என்னைப் பத்தி அவன் என்ன நினைப்பான்?" என்றான். ஆனாலும் கொடுத்தான். அத்தையும் கொடுத்தாள். எல்லோர் கையும் போட்டது, எல்லாம் ஒரே பானைச் சோறு. கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை. டாக்டர் கேட்டது அதுதானே.

ஆக, முதல் கேள்விக்குப் பதில்: கோமிசர் பிழைத்துவிட்டான். வயிறு கட்டிவிட்டது. தெருவே கூடி நின்று பார்த்து உறுதிசெய்தது, ஹைரி "மாஷா அல்லா" என்றான். ஆனால் அந்த நாய்க்கு நன்றி என்று ஒன்று இருக்கிறதா? வயிறு நிறைந்த பிறகும் ஊர்வலம் நிற்கவில்லை. அதே மாதிரி ஒவ்வொரு வாசலிலும் தலையை நீட்டுகிறான், உள்ளே ஒரு சுற்றுப் பார்க்கிறான். நீட்டிய சோற்றைப் பாதி தின்கிறான், மீதியை விட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போகிறான். எடை ஏறவே மாட்டேன் என்கிறது. பேராசை, வேறென்ன? தாங்கள் செல்லம் கொடுத்து வளர்த்த லட்சணம்.

இரண்டாம் கேள்விக்குப் பதில்: கடையைத் தாராளமாகக் கொடுத்துவிடுங்கள். இங்கே தங்களுக்காக யாரும் கண்ணீர் வடிக்கவில்லை. ஹைரி அடுத்த தெருவில் முடி வெட்டிக்கொள்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் உயிரோடு இருக்கிறான். நான் முடியை வளர்த்துக்கொண்டே இருக்கிறேன். தங்கள் தங்கைக்கும் பழகிவிட்டது. மகள் பக்கத்தில் இருந்து உப்பில்லாச் சூப்பை நிம்மதியாகக் குடியுங்கள். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தங்கள் கைகளை முத்தமிட்டு என் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். நெவினின் பிள்ளைகளுக்குக் கண்ணில் ஆளுக்கொரு முத்தம். இறைவன் தங்கள் இதயத்துக்கு வலுவையும் தங்கள் சூப்புக்குக் கொஞ்சம் ருசியையும் அருளட்டும்.

தங்கள் நலம் நாடும்,
ருக்நெத்தின்

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில், தாங்கள் பஸ்ஸில் போட்டுவிட்ட பொட்டலம் வந்து சேர்ந்தது. உள்ளே முழ நீளத்துக்குச் சுஜுக் தொத்திறைச்சி. பூண்டும் கறியும் மாடிப்படி வரைக்கும் மணக்கிறது. கூடவே தங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு: "எனக்குத்தான் டாக்டர் தடை. என் பங்கைக் கோமிசராவது சாப்பிடட்டும்." பத்தியம் இருக்கிறவன் தட்டில் முட்டைக்கோஸ் ஊறுகாயா என்று நம் பக்கத்தில் கேட்பார்களே, அது தங்கள் குடும்பத்தைப் பார்த்துத்தான் கேட்டிருப்பார்கள். "அண்ணன் கையால அனுப்பினது, ஒரே ஒரு துண்டு" என்று தங்கள் தங்கை வெட்டி அவன் முன்னால் வைத்தேவிட்டாள்.

நான் பிடுங்க ஓடினேன். தேவையே இருக்கவில்லை. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுஜுக்கைச் சுற்றி அனுப்பியிருந்தீங்களே, கடையில தோள்ல போட்டிருப்பீங்களே அந்த நீலக்கோட்டுத் துண்டு, அதுல மூக்கை வச்சான். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. அப்புறம் அதைக் கவ்விக்கிட்டுப் படியிறங்கிட்டான். நான் வீட்டுச் செருப்போட பின்னாடியே ஓடினேன். ஹைரி கடையைத் தாண்டினான், உள்ளே பார்க்கலை. ரெம்ஸி கூப்பிட்டான், நிக்கலை. அத்தை வாசல்ல கிண்ணத்தோட நின்னாங்க, அங்கேயும் தலையை நீட்டலை. நேரா உங்க ஷட்டர்கிட்ட போய், துண்டைக் கீழே போட்டு, அதுமேல தாடையை வச்சுப் படுத்துட்டான். இன்னும் அங்கதான் இருக்கான்.

மச்சான், தட்டைப் பார்க்கிறான்னு தெருவே நினைச்சோம். அவன் உள்ளே யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பார்த்திருக்கான். உங்களைத் தேடிப் போன வாசல்ல எல்லாம் ஒரு வாய் போட்டு அனுப்பியிருக்கோம். அவனும் மரியாதைக்குத் தின்னிருக்கான்.

மேலே எழுதினதையெல்லாம் கிழிச்சுப் போடுங்க. கடையைக் கொடுக்காதீங்க. அந்தச் சுஜுக் துண்டைத் தெருப்பூனை தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு, அதுக்கும் பத்தியம் வேணுமேன்னு முவல்லா இப்பவே அரிசி களைஞ்சு வச்சிருக்கா. தையல் ஆறினதும், டாக்டர் சரின்னதும் கிளம்பி வாங்க. நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோட வரக்கூடாதுதான். நீங்க மட்டும் வெறுங்கையோட வாங்க.