என் தலையின் சுற்றளவு

மாணவர்கள் வாத்தியார் காலை வாரிவிடுவது உலக வழக்கம். என் மாணவர்களோ என்னைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். அதில்தான் விழுந்தேன்.

தெலுங்கு நாட்டில், உப்பலில் ஒரு பள்ளி. ஏழாம் வகுப்புக்குக் கணக்கு. வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் பிரின்சிபால் மேடம் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். (வேலூரிலிருந்து வந்த புதிது. தெலுங்கு "கூர்ச்சோ"வை, அதாவது "உட்காரு"வை, தாண்டவில்லை. மிதப்புக்கு மட்டும் குறைவில்லை.)

ஒரே பொருளைப் பலர் அளந்தால் அளவு ஏன் மாறுகிறது என்பது பாடம். பொருள், என் தலை. ஒவ்வொருவரும் தையல் டேப்பால் சென்டிமீட்டரில் அளப்பார்கள். ஆளுக்கொரு எண் வரும். போர்டில் புள்ளி வைத்தால் நடுவில் குவிந்து ஓரங்களில் சிதறும். ஏன் என்று பேசுவோம். "என் வேலையே உங்கள் கையில்தான்" என்று முந்தின நாள் உருக்கமாகச் சொல்லியும் வைத்தேன். அதுதான் வினையானது.

"ஐம்பத்தஞ்சு, மிஸ்!" என்றான் முதல் பையன். அடுத்தவனுக்கும் ஐம்பத்தைந்து. அதற்கடுத்தவளுக்கும். போர்டில் புள்ளிகள் கொடிக்கம்பம் மாதிரி நேராக ஏறின. மிஸ் வேலை போய்விடக் கூடாதென்று காலையிலேயே கூடிப் பேசி ஒரே விடையை முடிவு செய்திருக்கிறார்கள், என் செல்வங்கள்! பள்ளிக்கூடத்தில் ஒரே விடை என்றால் சரியான விடைதானே?

"வெரி குட்! எவ்வளவு கரெக்டா அளக்கறாங்க!" என்று மேடம் பூரித்தார். மாறுதலே இல்லாத போர்டை வைத்துக்கொண்டு மாறுதலைப் பற்றி என்ன பேசுவது? நன்றி சொல்லி முடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போது கடைசி பெஞ்சில் ஹசீனா எழுந்தாள். அன்று தாமதமாக வந்ததால் சதியில் சேராதவள். "நக்கோ மிஸ்", அதாவது வேண்டாம் மிஸ், என்று ஆரம்பித்து, இந்தியும் இங்கிலீஷுமாக அவள் கேட்டது இதுதான்: "கொண்டைக்கு மேல அளந்தவனுக்கும் கீழ அளந்தவனுக்கும் எப்படி ஒரே நம்பர் வரும்? எல்லாருக்கும் ஒண்ணே வந்தா, யாரும் அளக்கலைன்னுதானே அர்த்தம்?"

அவள் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. ஒரு பீரியட் முழுக்க நான் சொல்ல நினைத்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாளே!

மறுபடி அளந்தார்கள், இந்த முறை நிஜமாக. ஐம்பத்து மூன்று, ஐம்பத்தாறு, ஐம்பத்து நான்கு... தனியே ஓரத்தில் ஒரு அறுபத்தொன்று. அது, தானும் டேப்பை வாங்கி என் தலையை மல்லிகைப்பூவோடு சேர்த்து அளந்த மேடமுடையது. "மேடம், பூ!" என்று வகுப்பே கத்தியது. மேடமும் சிரித்துவிட்டார். வேலையும் நிரந்தரமானது.

இந்தக் கதையை வீட்டில் சொன்னதுதான் தப்பு. இன்றைக்கும் சாம்பார் எப்படி என்று கேட்டால் கணவர் "சூப்பர்" என்பார், மகன் "சூப்பர்" என்பான், மாமியாரும் "சூப்பர்" என்பார். மகள் மட்டும் தட்டிலிருந்து தலை நிமிராமல் சொல்வாள்: "அம்மா, யாரும் அளக்கலை."