கூலிங் டவரில் காயப்போட்ட வேட்டி

படித்தவன் என்று பெயரெடுத்தவனுக்கு ஒரு வசதி உண்டு. ஏதாவது கெட்டுப்போனால் யாரும் முதலில் அவனைச் சந்தேகப்பட மாட்டார்கள். அவனும் தன்னைச் சந்தேகப்பட மாட்டான் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். ஆரணிக்குச் சற்று வெளியே ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறேன். இதைச் சொல்லும்போதே முகம் லேசாகச் சுடுகிறது.

பாலைக் குளிரவைக்கிற இயந்திரம் தான் மட்டும் சூடாகும். அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு கூலிங் டவரின் உச்சிக்குப் போய், மழை மாதிரி விழுந்து ஆறி, அடியில் உள்ள தொட்டியில் சேர்ந்து, பம்பு வழியாக மறுபடியும் இயந்திரத்துக்கே போகும். தொட்டி திறந்து கிடப்பதால் ஊரில் பறக்கிற தூசி, வேப்பிலை, உமி எல்லாம் அதில்தான் வந்து இறங்கும். (ஆரணியில் அரிசி ஆலைகளுக்கும் பஞ்சமில்லை, உமிக்கும் பஞ்சமில்லை.) அடியில் சேறு கட்டி, பம்பு வாயிலுள்ள வடிகட்டி அடைத்துக்கொண்டால் தண்ணீர் வரத்துக் குறையும். இயந்திரம் சூடாகி நின்றுவிடும், பால் திரிந்துவிடும். அதனால் அவ்வப்போது சேற்றை வாரி எடுக்க வேண்டும். வாருவது ஆபரேட்டர் ஏழுமலை. பொறுப்பு மட்டும் என்னுடையது.

போன வருடம் என் மச்சினனுக்குப் பெரணமல்லூரில் நிச்சயதார்த்தம். என் கல்யாணப் பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அதை நெய்தவர் என் மாமனார். முள்ளிப்பட்டில் வீட்டுத் தறிகளுக்கு நூல் கொடுத்து நெய்து வாங்குகிறவர் அவர். தான் தறியில் உட்காருவதை எப்போதோ விட்டவர், மகள் கல்யாணத்துக்கென்று மறுபடி உட்கார்ந்து எனக்காக அந்த ஒரு வேட்டியை நெய்தார்.

துணி விஷயத்தில் அவருக்குத் தாட்சண்யமே கிடையாது. அன்று பந்தியில், பெண்ணின் பெரியம்மா தன் புடவையைப் பெருமையாக நீட்டிக் காட்டினார். மாமனார் முந்தானையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பவர்லூம் சரக்கும்மா இது" என்றார். சம்பந்தமே முறிந்துவிடுமோ என்று மாமியார் நடுங்கிப்போனார்.

"நல்லாகீதுன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சிடுவீங்க?" என்று பிறகு பிடித்துக்கொண்டார்.

"துணில பொய் சொல்ல வராது எனக்கு" என்றார் மாமனார்.

பாயசம் வந்த நேரத்தில் எனக்கு நிலையத்திலிருந்து போன். இயந்திரத்தில் ஏதோ கோளாறு. எழுந்த அவசரத்தில் பாயசம் வேட்டியில் கவிழ்ந்தது. நிலையத்துக்குப் போய்க் காக்கி உடைக்கு மாறி, கறை பட்ட இடத்தைக் குழாயில் அலசி, வேட்டியைக் கூலிங் டவரின் ஏணிக் கம்பியில் காயப்போட்டேன். உச்சியில் அவ்வளவு பெரிய ஃபேன் சுற்றுகிறதே, சட்டென்று காய்ந்துவிடும் என்று கணக்கு. அந்த ஃபேன் வெளியே தள்ளுவது முழுக்க ஈரக் காற்று. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்பவனே நான்தான். குளத்தில் கழுத்தளவு நின்றுகொண்டு தலை துவட்டுகிற புத்திசாலித்தனம்.

கோளாறைச் சரிசெய்துவிட்டுக் காக்கியிலேயே வீட்டுக்கு வந்தேன்.

"வேட்டி எங்க?" என்றாள் என் மனைவி கவிதா.

"பிளான்ட்லதான். பத்திரமா இருக்குது."

பொய் சொல்லவில்லை. மடித்து நிலையத்திலுள்ள என் அலமாரியில் வைத்துவிட்டதாகவே மனதார நம்பினேன். அடுத்தடுத்த நாட்களிலும் அவள் கேட்டாள், நானும் அதே பதிலைச் சொன்னேன். ஒருநாளும் அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு காலை, இயந்திரம் சூடாகி நின்றது. வடிகட்டியைக் கழற்றினோம். இலையும் பாசியும் வழக்கம்போல இருந்தன. அவற்றோடு வலையைச் சுற்றிக்கொண்டு, சேற்று நிறத்தில் மெல்லிய இழைகள். ஏழுமலை ஒன்றைப் பிரித்து விரலில் சுற்றிப் பார்த்தான்.

"பட்டு சார் இது."

நான் திரும்பி மதில் சுவரைப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சரோஜா அக்காவின் சாயப் பட்டறை. சாயம் போட்ட பட்டு நூல் கழிகளை எங்கள் சுவரையொட்டி மூங்கிலில் உலர்த்துவார். பட்டை வெயிலில் போடக் கூடாது. அந்தத் தெருவில் நாள் முழுக்க நிழல் விழும் இடம் அது ஒன்றுதான். இடம் எங்கள் முதலாளியுடையது. பல வருடமாக அந்த அக்காவுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

முதலாளி வந்தார். நான் இழைகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஒரு பிரசங்கமே செய்தேன். காற்றின் திசை, தொட்டியின் உயரம், இழை பறக்கும் விதம் என்று எதையும் விடவில்லை. தரையில் குச்சியால் படம்கூட வரைந்தேன். (அந்தப் படம் இன்னும் என் கனவில் வருகிறது.)

முதலாளி சரோஜா அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். "நீ மூங்கில எல்லாம் எடுத்துடும்மா. பால் கெட்டா எனக்குப் பேஜாரு."

"வேற எங்கியும் நெழல் இல்லீங்க. நான் எங்க போவேன்?" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு இழ தரையில வுழுந்தாக்கூட பொறுக்கினு போறவ சார் நான். இத்தன வருசத்துல வுழாத பட்டு இன்னிக்கி எப்படி வுழும்? பட்டு தெரிஞ்ச ஆள கூப்டுங்க. என்னுதுன்னு அவுரு சொன்னா நானே மூங்கில புடுங்கிக்கிறேன்."

"கூப்பிடுறேன். என் மாமனாரையே வரச் சொல்றேன். துணி விஷயத்துல அவரு பொய் சொல்லவே மாட்டாரு" என்றேன் கம்பீரமாக. போனும் போட்டேன்.

அவர் வருவதற்குள் தண்ணீரை வடித்து, தொட்டியில் இறங்கிச் சேற்றை வாரத் தொடங்கினோம். பம்பு வாய்க்குப் பக்கத்துப் பள்ளத்தில் ஏழுமலையின் மண்வெட்டி எதிலோ சிக்கியது. இழுத்தான். நீளமாக வந்தது. ஒரு முனையில் நூல் பிரிந்து தொங்கியது. வெளியே போட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியபோது ஜரிகைக் கரை பளிச்சென்று தெரிந்தது. தாழம்பூக் கரை.

என் கல்யாண மண்டபத்தில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் புகழ்ந்த கரை அது. அந்த நொடியில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. முதலாளி நிற்கிறார், அக்கா நிற்கிறார், தரையில் நான் வரைந்த படம் வேறு இருக்கிறது. அதே நேரம் வாசலில் மாமனாரின் மொபெட் வந்து நின்றது.

"வாங்க பெரியவரே" என்றார் முதலாளி. "இது யாரு பட்டுன்னு சொல்லுங்க. உங்க மாப்ள இந்தம்மாவோடதுன்றாரு."

மாமனார் குந்தி உட்கார்ந்து துணியின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. மறுபடியும் துணியைப் பார்த்தார்.

"இந்தம்மாவோடது இல்லீங்க. அவங்களுது நூலு, இது நெய்ஞ்ச துணி. அந்த இழையும் இதுலேர்ந்து பிரிஞ்சதுதான்" என்றார். துணியிலிருந்து கையை எடுத்தார். "கைத்தறி இல்ல. பவர்லூம் சரக்கு. எங்கேர்ந்தோ பறந்து வந்திருக்கும்."

அக்கா பிழைத்தார், நானும் பிழைத்தேன். மாமனார் மட்டும் எழுந்திருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார்.

"தூ, இதுக்கா இவ்ளோ?" என்றார் முதலாளி. "ஏழுமல, அத்த ஜல்தியா கிழிச்சி பம்பு தொடைக்க வெச்சிக்க."

ஏழுமலை துணியைக் காலால் மிதித்துக்கொண்டு அதன் ஓரத்தைப் பல்லில் கடித்து இழுத்தான். சர்ரென்று ஒரு சாண் கிழிந்தது. மாமனார் கூலிங் டவரின் உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே ஏதோ பெரிய விஷயம் இருப்பதுபோல.

"கிழிக்காதப்பா" என்றேன். "அது என் கல்யாண வேட்டி. மாமா கையால நெய்தது. நான்தான் மேல காயப்போட்டு மறந்துட்டேன்."

ஏழுமலை வாயிலிருந்து துணியை எடுத்துவிட்டு, செய்யாத குற்றத்துக்குத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றான். முதலாளி என் படத்தைச் செருப்பால் அழித்தார். சரோஜா அக்காதான் முதலில் பேசினார்.

"அப்ப மூங்கில் இருக்கட்டுங்களா சார்?"

"இருக்கட்டும்க்கா. மன்னிச்சிக்குங்க."

"சரி, அத்த குடுங்க. நாறுது" என்று வேட்டியை வாங்கிக்கொண்டு போனார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

வாசல் வரை மாமனாருடன் நடந்தேன். "ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

"நாலு பேரு எதுர்ல மாப்ளய வுட்டுக்குடுக்க முடியுமா? துணி கோச்சிக்காதுங்க" என்றார். மொபெட்டை மிதித்தார். அது கிளம்பவில்லை. இன்னொரு தரம் மிதித்தார். என்னைப் பார்க்காமலே கிளம்பிப் போனார்.

சரோஜா அக்கா எவ்வளவு அலசியும் சேற்றுக் கறை முழுசாகப் போகவில்லை. அதனால் அரக்குச் சாயத்தில் முக்கிக் கொடுத்துவிட்டார். கிழிசலை மாமியார் தைத்தார். மச்சினன் கல்யாணத்துக்கு அதைத்தான் கட்ட வேண்டும் என்பது கவிதாவின் தீர்ப்பு. மண்டபத்தில் பார்த்தவர்கள் எல்லாம், "கோயிலுக்கு மாலை போட்டிருக்கீங்களா?" என்று மரியாதையாக விலகி நின்றார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும், சாவியோ கண்ணாடியோ, தேடுகிறவருக்கு ஒரே பதில்தான்: "பிளான்ட்ல பத்திரமா இருக்குது." தொட்டியில் சேறு வாரும் நாட்களில் ஏழுமலை மண்வெட்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, "சார், வீட்ல துணியெல்லாம் சரியாகீதான்னு ஒரு தபா கேட்டுக்குங்க" என்கிறான். நான் அதற்குச் சிரிக்கப் பழகிவிட்டேன்.

சிரிக்க முடியாதது ஒன்றுதான். கல்யாணப் பந்தியில், புடவை விஷயத்தில் அடிபட்ட அந்தப் பெரியம்மா என் வேட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, பழிதீர்க்கும் ஆசையோடு மாமனாரிடம் கேட்டார்: "இது பவர்லூம் தானுங்களே?"

மாமனார் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"கைத்தறி. நான் நெய்ஞ்சது" என்றார். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே, "குடுத்த எடந்தான் சரியில்ல" என்றார்.