‘என்னங்க’ என்றால் வந்து நிற்கும் நாய்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இடது கெண்டைக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு அப்படி எழுதினால் பச்சைப் பொய். இந்தக் கடிதம் பாதி என் மைத்துனனுக்கு, மீதி நகராட்சியில் நாய் பிடிக்கும் பிரிவைக் கட்டி மேய்க்கும் அதிகாரிக்கு. இரண்டு பேரும் சேர்ந்து படிக்கவும்.

பக்கத்து வீட்டு வாட்ச் ரிப்பேர்க்காரர் போன வருடம் தவறிப்போனாரே, நீகூட வந்திருந்தாய். உறவுக்காரர்கள் கிளம்பிப் போன மறுநாள் எங்கிருந்தோ ஒரு சாம்பல் நிற நாய் வந்தது. வழி கேட்காமல் நேரே உள்ளே போய் அவருடைய வேலை மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டது. அவர் சம்சாரம் இப்போது தனி மனுஷி, துணைக்கு இருக்கட்டுமே என்று நாங்களும் சும்மா இருந்தோம். அப்புறம் ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தம்மா குரல்: "என்னங்க, சாப்பிட வாங்க, ஆறிப்போகுது பாருங்க." எட்டிப் பார்த்தால் நாய் எழுந்து, சோம்பல் முறித்து, நாலு தடவை கூப்பிட வைத்துவிட்டுத்தான் போகிறது. அந்த மனுஷரும் இருந்தவரை அப்படித்தான். உன் அக்கா அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் என்னை "என்னங்க" என்றுதானே கூப்பிடுகிறாள், இப்போது அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் நான் போவதற்குள் அது எங்கள் வாசலில் வந்து நிற்கிறது. இப்போது சிரிப்பில்லை, கதவைச் சாத்திவிட்டுத்தான் கூப்பிடுகிறாள்.

வியாழக்கிழமை காலை பேப்பர் எடுக்கப் போனேன். பேப்பர் மேல் அது. "ச்சீ, எழுந்திருடா நாயே" என்றேன். நாயை வேறெப்படிச் சொல்வதாம்? குரைக்கவில்லை, உறுமவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தது, எழுந்தது, வந்தது, கடித்தது, விட்டது. போய் வாட்ச்காரருடைய சாய்வு நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, நர்ஸ் காயத்தைக் கழுவும்போது பார்த்தேன். காலமெல்லாம் ஊரார் வாயைப் பார்த்தே பிழைத்த பல் டாக்டர் கண்ணாச்சே, சும்மா இருக்குமா? மேல் இடது கோரைப்பல் பதிய வேண்டிய இடம் மட்டும் வழவழவென்று இருக்கிறது. வாட்ச்காரருக்கும் அந்தப் பல் கிடையாது, மாப்பிள்ளை. பிடுங்கினவன் நான்தான்.

"பேத்தி வர்ற நேரம்ங்க. இப்பத்தான் நடக்கப் பழகுறா. உங்க தடிக்காலையே விடலை, பிஞ்சுக் காலை விடுமா? தம்பிக்கு எழுதிப் போடுங்க" என்கிறாள் உன் அக்கா. நியாயம்தான். ஆனால் கடித்த நாயை ஏற்றிப்போனால் திரும்பி வராது என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஒரு பெண்ணை இரண்டாம் தடவை விதவையாக்க எனக்கு மனசு வரவில்லை.

எதுவானாலும் சொல்லாமல் புகார் எழுதுவது முதுகில் குத்துவது ஆகுமே என்று நொண்டிக்கொண்டே போனேன். "ஊசி போட்டுக்கிட்டீங்களாண்ணே?" என்று அந்தம்மா விசாரித்தார். "மரியாதை இல்லாம பேசினா அவங்களுக்குப் பிடிக்காது. உங்களுக்குத் தெரியாததா?" நாற்காலியிலிருந்து அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. புகாரில் எழுத வேண்டுமே என்று நாயின் பேரைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"அவங்க பேரை நான் எப்படிண்ணே வாயால சொல்லுவேன்? நீங்கதானே இத்தனை வருஷமா பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டிருந்தீங்க."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. போதும்டா சாமி. பேத்தியை விடவா எனக்கு மற்றதெல்லாம்? இதையே புகாராக வைத்துக்கொண்டு வண்டியை அனுப்பிவிடு. வீட்டில் எல்லோரையும் நாங்கள் விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நீண்ட ஆயுளோடும் நல்ல பல்லோடும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நொண்டும் உன் அத்தான்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்துவிட்டு எழுதுகிறேன். மகள் சொல்லாமல் கொள்ளாமல் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டாள். பெட்டி இறக்கும் களேபரத்தில் பேத்தி தத்தித் தத்திப் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு கை நாற்காலியில், இன்னொரு கை அதன் வாய்க்குள். அது அசையவே இல்லை. பல் காட்ட வந்தவர் மாதிரி வாயை அகலத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தது. மாதக்கணக்காக நான் போனில் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தும் வராத வார்த்தையை, அதன் முகத்தைப் பார்த்து அவள் சொன்னாள்: "தாத்தா."

அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "பிள்ளை இல்லாத வீடுண்ணே. அவங்களை யாருமே இப்படிக் கூப்பிட்டதில்லை."

அது மெதுவாக வாயிலிருந்து அவள் கையை விலக்கிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. நாய் அழுமா என்று உங்கள் ஆபீஸ் டாக்டரைக் கேட்டு எழுது. வண்டி வேண்டாம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பிக் கதவு போட ஆள் சொல்லியிருக்கிறேன், பயம் போகவில்லை. வாட்ச்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன்.

என்னை அவள் இன்னும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை, மாப்பிள்ளை.